ஒரு ஜாடி கோலியும் அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டும்

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரத்தை ஒட்டிய ஒரு பழைய வீட்டைக் காலி செய்யும் விற்பனை. வீட்டுக்காரர் காலமான பிறகு பாத்திரம் பண்டத்திலிருந்து தையல் மிஷின் வரை எல்லாவற்றிலும் விலைச்சீட்டு ஒட்டி விற்றுவிடுவார்கள். அங்கே வாராவாரம் நடக்கிற சமாச்சாரம். அதில் என் நண்பர் ஒருவர் கண்ணாடி ஜாடி நிறையக் கோலிகளை 85 டாலருக்கு வாங்கிவிட்டார். ஜாடியின் மேல் ஒரு சீட்டு: ‘ஜெர்மன் கைவேலைக் கோலிகள், 1880கள்’. உள்ளே ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் ஒரே ஒரு கோலி தனியாக இருந்தது. பையின் மேல் ‘கினி’ என்று பேனாவால் எழுதியிருந்தார்கள்.

கினி என்பது பல வண்ணப் புள்ளி தெறித்த ஒரு பழைய அமெரிக்கக் கோலி ரகம். அந்தப் பெயரைக் கேட்டால் சேகரிப்பாளர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். அசல் கினி ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால், அது ஒன்றே இந்த ஜாடியின் விலையைப் போலப் பல மடங்கு போகும். நண்பர் ஜாடியை வாங்கியதற்கு அந்தப் பைதான் காரணம். ஆக, நாங்கள் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியவை மூன்று: சீட்டில் இருப்பது உண்மையா, கினி அசலா, கொடுத்த காசு தகுமா.

எல்லாவற்றையும் வெதுவெதுப்பான தண்ணீரில், ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டுக் கழுவினோம். கொதிக்கிற தண்ணீர் கூடவே கூடாது. பழைய கண்ணாடிக்குள் ஏற்கெனவே இறுக்கம் இருக்கும், சூடு பட்டால் விரிசல் ஓடிவிடும். கழுவி, பழைய துண்டு விரித்த தட்டில் பரப்பினோம். இருநூறுக்கும் சற்று அதிகமாக இருந்தன. வெளிச்சத்துக்கு ஒரு சின்ன டார்ச், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், அளக்க ஒரு வெர்னியர் காலிப்பர். இதற்கு மேல் கருவி எதுவும் தேவையில்லை.

ஜாடியின் வயது

பாதிக்கு மேல் பூனைக்கண். தெளிந்த கண்ணாடிக்குள் இலை மாதிரி வண்ணம் நிற்குமே, நாம் எல்லாரும் சின்ன வயதில் ஆடியது, அதேதான். பூனைக்கண்ணை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்கள் ஜப்பான்காரர்கள். 1950களின் தொடக்கத்தில் கப்பல் கப்பலாக வந்து இறங்கி, உள்ளூர் ஆலைகளை ஆட்டம் காண வைத்தது. அதன் பிறகுதான் அமெரிக்க ஆலைகளும் அதைச் செய்யக் கற்றுக்கொண்டன. அப்படியானால் இந்த ஜாடியில் 1950க்குப் பிறகும் யாரோ கோலி போட்டிருக்கிறார்கள்.

அடுத்து, மஞ்சளும் கறுப்பும் பட்டை பட்டையாக இருந்தவை நான்கைந்து. இவை மேற்கு வர்ஜீனியாவின் மார்பிள் கிங் ஆலையில் வந்தவை. சேகரிப்பாளர்கள் வைத்த செல்லப்பெயர் ‘பம்பிள் பீ’. சிவப்பும் கறுப்பும் என்றால் ‘வாஸ்ப்’. மார்பிள் கிங் தொடங்கியதே 1949இல்தான். ஜாடி முழுவதும் 1880கள் என்ற கதை இதோடு முடிந்தது. ஒரு வீட்டில் இரண்டு மூன்று தலைமுறைப் பிள்ளைகள் ஆடியது எல்லாம் ஒரே ஜாடியில் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இதில் ஏமாற்று இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சீட்டு எழுதியவர் மேலாக இருந்த இரண்டு மூன்று கோலிகளைப் பார்த்து மொத்தத்துக்கும் பெயர் வைத்திருப்பார்.

அப்புறம் வெளிர்பச்சை நிறத்தில், உள்ளே ஒன்றுமே இல்லாத தெளிவான கோலிகள் சில. நண்பர் ஒன்றை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, “அண்ணா, இது நம்ம ஊர் கோலி சோடா குண்டுதானே?” என்றார். பார்வைக்கு அப்படியேதான் இருக்கிறது. சோடாவின் வாயு அழுத்தமே கோலியை வாய்ப்பக்கம் தள்ளி அடைத்துக்கொள்ளும் அந்தப் பாட்டிலை வடிவமைத்தவர் ஹிராம் காட் என்ற இங்கிலாந்துக்காரர், 1870களின் தொடக்கத்தில். ஆனால் அமெரிக்காவில் அந்தப் பாட்டில் பெரிதாக ஓடவில்லை. ஓஹையோவில் இப்படி ஒரு வெளிர்பச்சைக் கோலி கிடைத்தால் அது கண்ணாடியிழை ஆலைச் சரக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். கண்ணாடியைக் கோலியாக வார்த்து வைத்துக்கொண்டு, பிறகு உருக்கி இழையாக இழுப்பது அந்தத் தொழிலின் பழைய முறை. ரயிலில் ஏற்றிப் போகும்போது சிந்தியவை இன்றும் தண்டவாளத்து ஓரத்தில் கிடைக்கின்றன. பிள்ளைகளுக்கு அது போதுமே, பொறுக்கி ஜாடியில் போட்டுவிட்டார்கள்.

நிறத்தை விட்டுவிட்டு முனையைப் பார்ப்பது

மிச்சம் இருந்தவற்றில்தான் வேலை. கோலியில் ஆலையின் பெயர் பொறித்திருக்காது, வருடமும் இருக்காது. நிறத்தை வைத்துச் சொல்லலாம் என்றால், ஒரே நிறத்தை நான்கு ஆலைகள் செய்திருக்கின்றன. கண்ணாடி உலையிலிருந்து எப்படி வெட்டப்பட்டது என்பதை மட்டும்தான் யாராலும் மறைக்க முடியாது. வெட்டிய இடத்தில் அடையாளம் விழுந்தே தீரும். அதனால் எந்தக் கோலியைக் கையில் எடுத்தாலும் முதலில் உருட்டி, அதன் இரண்டு முனைகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். புதிதாகச் சேகரிக்க வருபவர்கள் வண்ணத்தில் மயங்கி இதைத்தான் தள்ளிப்போடுகிறார்கள்.

கைவேலைக் கோலியின் தாய்வீடு ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியில் உள்ள லௌஷா. 1840களின் பிற்பகுதியில் அங்கே கோலிக் கத்திரி என்ற ஒரு கருவி வந்தது. ஒரு முனையில் கிண்ணம் போலக் குழிவு, கூடவே வெட்டும் அலகு. தெளிந்த கண்ணாடிக்குள் வண்ண இழைகளை அடுக்கி, நீளமான கம்பியாக இழுத்து, முறுக்கிக்கொண்டே வருவார்கள். கம்பியின் நுனியைக் கிண்ணத்தில் வைத்துச் சுழற்றினால் உருண்டை திரளும், உடனே வெட்டு. அடுத்தது, அடுத்தது என்று ஒரு கம்பியிலிருந்து வரிசையாக வரும். ஆகவே ஒவ்வொரு கோலிக்கும் இரண்டு முனையிலும் வெட்டுத் தழும்பு இருக்கும். வண்ண இழைகள் எல்லாம் ஒரு முனையில் கிளம்பி மறுமுனையில் போய்ச் சேரும்.

இந்தச் சோதனையில் ஜாடி முழுவதிலும் தேறியவை ஆறு. அதில் நான்கு லாட்டிச்சினியோ: நடுவில் வெள்ளை நூல் வலை, ஒன்றில் மட்டும் மஞ்சள் வலை, மேற்பரப்பை ஒட்டிச் சிவப்பும் பச்சையும் நீலமும் கலந்த பட்டைகள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் நூல்கள் முனையில் ஒன்றாகக் குவிந்து, அங்கே கரடுமுரடான ஒரு சிறு வட்டம் தெரிகிறது. விரல் நகத்தால் தடவினாலே தட்டுப்படும். ஐந்தாவது, நடுவில் வலைக்குப் பதிலாகக் கெட்டியான வெள்ளைத் தண்டு. ஆறாவதைப் பார்த்ததும் வருத்தமாக இருந்தது. நல்ல பெரிய கோலி, ஆனால் முனை இரண்டும் மழமழவென்று இருந்தன. மேற்பரப்புப் பட்டைகள் பாதி வழியில் திடீரென அறுந்து நின்றன. யாரோ கீறலைப் போக்குகிறேன் என்று சாணை பிடித்து மெருகேற்றியிருக்கிறார்கள். தழும்பும் போயிற்று, ஒரு தோல் கண்ணாடியும் போயிற்று. அடிபட்ட கோலியை அடிபட்டபடியே வைத்திருப்பவர்கள் பக்கம்தான் நான். மெருகேற்றியதை அப்படிச் சொல்லி விற்றால் தப்பில்லை; சொல்லாமல் விற்பவர்கள் ஏராளம்.

இந்த ஐந்தாறுக்கும் ‘1880கள்’ என்று துல்லியமாகத் தேதி போடலாமா என்றால், அதுவும் முடியாது. லௌஷா கோலிகள் 1914இல் போர் மூளும் வரை ஏறக்குறைய ஒரே பாணியில் கப்பலேறின. 1890இல் வந்த மெக்கின்லி சுங்கச் சட்டம், வரும் சரக்கில் எந்த நாட்டுத் தயாரிப்பு என்று எழுதச் சொன்னது. ஆனால் எழுதியது பெட்டியில்தான், கோலியில் அல்ல. பெட்டி இல்லாத கோலிக்குப் ‘பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் முதல் உலகப் போர் வரை’ என்று எழுதிக்கொள்வதுதான் நேர்மை.

பைக்குள் இருந்த கினி

கினி என்பது கிறிஸ்டென்சன் அகேட் ஆலையின் சரக்கு. 1925இல் ஓஹையோவின் பெய்னில் தொடங்கி, 1927இல் கேம்பிரிட்ஜுக்கு மாறி, 1930களின் தொடக்கத்திலேயே மூடிவிட்டது. சில ஆண்டுகள்தான் ஓடியது, அதனால்தான் இந்த விலை. கேம்பிரிட்ஜ் என்பது கொலம்பஸிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடும் ஊர். அக்கம்பக்கத்து வீட்டில் ஒரு கினி இருப்பது நடக்காத காரியம் இல்லை. நண்பரின் ஆசைக்கு அந்த அளவுக்கு நியாயம் இருந்தது.

அசல் கினியின் அடிக்கண்ணாடி ஒளி ஊடுருவும். கருநீலம், தேன் நிறம், அல்லது நிறமே இல்லாதது. அதன் மேல் பல வண்ணப் பொடித் துணுக்குகள் உருகி ஒட்டியிருக்கும். கினிக்கோழி இறகின் புள்ளிகளைப் பார்த்து வைத்த பெயர். கோலி உருளையில் சுழலும்போது துணுக்குகளும் கூடவே இழுபடுவதால், பல புள்ளிகள் வட்டமாக இல்லாமல் நீண்டு கோடாகியிருக்கும்.

பையில் இருந்த கோலி பார்க்கக் கறுப்பு. அதில் தப்பில்லை, கருநீலமும் சாதாரண வெளிச்சத்தில் கறுப்பாகத்தான் தெரியும். டார்ச்சை அடியில் ஒட்டி வைத்து விளக்கை அணைத்தோம். நீலம் பொங்கி வந்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை, கரித்துண்டு மாதிரி அப்படியே இருந்தது. ஓரத்தில்கூட வெளிச்சம் கசியவில்லை. லென்ஸில் மேற்பரப்பைப் பார்த்தால் துணி மடிந்தாற்போல் இரண்டு இடங்களில் மெல்லிய மடிப்புக் கோடு, அதோடு எண்ணெய் படிந்தது போன்ற பளபளப்பு. மெக்சிகோவின் குவாடலஹாராவில் இருக்கும் வக்கோர் ஆலையின் கோலிகளில் இந்த மடிப்பையும் பளபளப்பையும் அடிக்கடி பார்க்கலாம். கறுப்பில் பல வண்ணம் தெறித்த கோலியும் அவர்கள் செய்கிற ரகம்தான். பொம்மைக் கடையில் வலைப்பையில் மொத்தமாக விற்பது.

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சரி விடுங்க அண்ணா, பையன் ஆடட்டும்” என்று எடுத்து வைத்தார்.

செங்கல் நிறக் கோலி

பூனைக்கண் குவியலுக்குப் பக்கத்தில் ‘தூக்கிப் போடுவதற்கு’ என்று நண்பர் ஒரு சின்னக் குவியல் சேர்த்திருந்தார். பெரும்பாலும் உடைந்தவை. அதில் ஒன்று முழுசாக, மங்கலாக, காய்ந்த ரத்தத்தின் நிறத்தில் கிடந்தது.

“இதை ஏன் இங்க போட்டீங்க?”

“அழுக்கு கலர்ல இருக்கே அண்ணா. களிமண் கோலியோன்னு நினைச்சேன்.”

களிமண் இல்லை, கண்ணாடி. கன்னத்தில் வைத்தாலே குளிர்ச்சியில் தெரியும். ஒளி துளியும் ஊடுருவாத துருச்சிவப்பு, அதற்குள் வெள்ளைச் சுழி, சிவப்புக்குள்ளேயே மயிரிழை மாதிரிக் கறுப்புக் கீற்றுகள். இந்தச் சிவப்புக்குச் சேகரிப்பாளர் வட்டத்தில் ‘ஆக்ஸ்பிளட்’ என்று பெயர். செம்பிலிருந்து வரும் நிறம். உலையில் காற்றும் சூடும் சரியான பதத்தில் இல்லாவிட்டால் திரிந்துவிடும். அந்தக் கறுப்புக் கீற்று ஆக்ஸ்பிளட்டின் அடையாளங்களில் ஒன்று. இப்படிச் சிவப்பும் வெள்ளையும், அல்லது சிவப்பும் கறுப்பும், கோலி முழுவதும் கலந்து சுழித்தால் அதை ‘பிரிக்’ என்பார்கள்.

முனைகளைத் தேடினோம். ஒரு முனையில் வெள்ளை வரி உள்பக்கமாகச் சுருண்டு, 9 என்ற எண்ணைப் போலவே நின்றது. நேர் எதிர் முனையில் வாலை நறுக்கினாற்போல் சின்னதாக ஒரு வெட்டுக்கோடு. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் அது கையால் மொண்டு, இயந்திரத்தால் உருட்டிய கோலி. கோலித் தொழிலே கைவேலையிலிருந்து இயந்திரத்துக்கு மாறிய காலம் அது.

ஓஹையோவின் ஆக்ரன் நகரில் மார்ட்டின் ஃப்ரெடரிக் கிறிஸ்டென்சன் என்பவர் இருந்தார். முதலில் எஃகு உருண்டை செய்யும் இயந்திரத்தில் கைதேர்ந்தவர். அந்த யோசனையைக் கண்ணாடிக்குத் திருப்பி 1905இல் காப்புரிமை வாங்கினார். தொழிலாளி ஒரு கம்பியை உலையில் விட்டு உருகிய கண்ணாடியை மொண்டு வருவார். கம்பியைச் சாய்த்தால் கண்ணாடி ஒழுகும். கரண்டியிலிருந்து ஊற்றும் வெல்லப்பாகு விழுந்த இடத்தில் சுருண்டு படிவது போல அதன் தலைப்பு சுருளும். அதுதான் 9. தேவையான அளவு ஒழுகியதும் இன்னொருவர் கத்திரியால் நறுக்குவார். அதுதான் வால். நறுக்கிய துண்டு பள்ளம் வெட்டிய சக்கரங்களுக்கு நடுவில் விழுந்து சுழன்று உருண்டையாகிவிடும். ஜெர்மானியக் கோலிக்கு வெட்டு இரண்டு பக்கமும். இதற்கு வெட்டு ஒரு பக்கம், சுழி மறுபக்கம்.

முன்னால் சொன்ன கிறிஸ்டென்சன் அகேட்டுக்கும் இந்த ஆக்ரன் கிறிஸ்டென்சனுக்கும் உறவு கிடையாது. பெயர்தான் ஒன்று. புதியவர்கள் விற்பனைப் பட்டியலில் இரண்டையும் குழப்பிக்கொள்வது தினமும் நடக்கிறது. விற்பவர்கள் சிலர் அந்தக் குழப்பத்தைக் கலைக்க அவசரப்படுவதும் இல்லை.

சரி, 9உம் வாலும் இருந்தால் கிறிஸ்டென்சன் என்று முத்திரை குத்திவிடலாமா? இங்கேதான் ஆக்ரோ அகேட் குறுக்கே வருகிறது. அதே ஆக்ரனில் 1910களின் தொடக்கத்தில் கிளம்பிய நிறுவனம். ஆரம்பத்தில் அவர்களுக்கு ஆலையே இல்லை. கிறிஸ்டென்சனிடம் கோலியை மொத்தமாக வாங்கி, தங்கள் பெட்டியில் போட்டு விற்றார்கள். கிறிஸ்டென்சனிடம் வேலை பார்த்த ஹொரேஸ் ஹில் என்பவர் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார். 1914இல் மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க்குக்கு இடம் மாறி, நல்ல மணலும் மலிவான இயற்கை எரிவாயுவும் கிடைத்த அங்கே சொந்தமாகச் செய்யத் தொடங்கினார்கள். கிறிஸ்டென்சன் ஆலையோ போர்க்கால எரிவாயுத் தட்டுப்பாட்டில் 1917இல் நின்றுபோனது. அதாவது, தொடக்க கால ஆக்ரோ பெட்டிக்குள் இருக்கும் கோலியே கிறிஸ்டென்சன் செய்ததாக இருக்கலாம். போதாததற்கு ஆக்ரோவும் முதலில் கையால்தான் மொண்டது, ‘பிரிக்’ ரகக் கோலியும் செய்தது.

வித்தியாசம் சுழியில் இருக்கிறது. கையால் மொள்ளாமல் உருகிய கண்ணாடியைத் தானாகவே ஊற்றும் இயந்திரம் வந்த பிறகு ஆக்ரோ செய்த கோலிகளில் நிறம் கார்க் திருகியைப் போல முனையிலிருந்து முனைக்குத் தன்னைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகும். கார்க்ஸ்க்ரூ என்ற பெயரே அதனால் வந்தது. ஆக்ரோ பிரிக்கில் இந்தத் திருகலின் சாயல் பல நேரம் தெரியும். நம் கோலியில் அது இல்லவே இல்லை. 9 தெளிவாக, ஆழமாக விழுந்திருக்கிறது. வெள்ளை ஒழுங்கில்லாமல் அலைந்து, வாலில் போய்ச் சட்டென்று நிற்கிறது. காலிப்பரில் அளந்தால் ஒரு பக்கம் 16.6 மில்லிமீட்டர், திருப்பி அளந்தால் 16.9. கையால் மொண்ட கண்ணாடியில் இந்த அளவு கோணல் சகஜம். எம்.எஃப். கிறிஸ்டென்சன், 1917க்கு முன் என்று எழுதினேன். இந்த ரகத்தை அவர்கள் விற்ற பெயர் ‘அமெரிக்கன் கார்னீலியன்’. ‘பிரிக்’ பிறகு சேகரிப்பாளர்கள் வைத்தது.

நண்பர் கேட்ட அடுத்த கேள்வி எல்லாரும் கேட்பதுதான்: எவ்வளவு போகும்?

நிலையைப் பொறுத்தது. பத்துக்கு மதிப்பெண் போடுவது வழக்கம். ஒன்பதும் அதற்கு மேலும் புத்தம் புதுசு மாதிரி, எட்டு என்றால் ஓரிரு சிறு தழும்பு, ஏழு என்றால் ஆடித் தேய்ந்தது, அதற்குக் கீழே இடம் நிரப்பத்தான். நம் பிரிக்கில் மூன்று நிலாக்கள் இருந்தன. கோலியும் கோலியும் மோதும்போது தோலுக்கு அடியில் பிறை வடிவில் விழும் விரிசலைத்தான் நிலா என்கிறோம். ஆடி ஆடி மேற்பரப்பும் மங்கியிருந்தது. ஏழுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. நல்ல நிலையில் இருந்திருந்தால் ஜாடியின் விலையை இது ஒன்றே எடுத்திருக்கும். இந்த நிலையில் அதில் ஒரு பங்கு. மெருகேற்றினால் ஜொலிக்கும், ஆனால் 9 போய்விடும். 9 போனால் இது யாருடையது என்று சொல்ல ஆதாரமே இல்லாமல் போய்விடும்.

புற ஊதா விளக்கு பற்றி ஒரு வார்த்தை

நண்பர் இடையில் புற ஊதா டார்ச் ஒன்றைக் கொண்டுவந்து எல்லாவற்றின் மேலும் அடித்தார். மஞ்சள் சாயல் கொண்ட ஒரு கார்க்ஸ்க்ரூ பச்சையாக எரிந்தது, பிள்ளைகள் ஆர்ப்பரித்தார்கள். பார்க்க ஜோர்தான். ஆனால் கண்ணாடியில் யுரேனியம் சேர்க்கும் பழக்கம் பல நாடுகளில், பல காலம் இருந்தது. மாங்கனீசு கலந்த பழைய கண்ணாடியும் மங்கலான பச்சை காட்டும். இன்றைக்குச் செய்கிற கோலிகளிலும் ஒளிர்பவை உண்டு. ஒளிர்வது அழகு, அதை வைத்துத் தேதி சொல்ல முடியாது. ‘ஒளிர்கிறது, ஆகவே அபூர்வம்’ என்று விலை ஏற்றுபவர்களிடம் நான் வாங்குவதில்லை.

கணக்கு

முடிவில் தேறியவை: ஐந்து நல்ல ஜெர்மானியக் கைவேலை, மெருகேற்றிய ஒன்று, கிறிஸ்டென்சன் பிரிக் ஒன்று, ஆக்ரோ கார்க்ஸ்க்ரூ பத்துப் பன்னிரண்டு, மார்பிள் கிங் ஒரு கைப்பிடி, பூனைக்கண் ஒரு வாளி. சீட்டில் போட்டிருந்த 1880கள் தப்பு, கினி தப்பு. இருந்தும் 85 டாலர் நஷ்டம் இல்லை. ஜெர்மானியக் கோலிகளே அந்தக் காசுக்கு ஈடாகிவிடும்.

ஸ்லாக் எனப்படும், ஒற்றை நிறக் கண்ணாடியில் வெள்ளை சுழித்த கோலிகள் மூன்று மட்டும் இழுபறியில் நின்றன. ஊதா ஒன்று, பச்சை இரண்டு. கிறிஸ்டென்சன், ஆக்ரோ, இல்லினாயின் ஓட்டவா ஊரில் இருந்த பெல்டியர் ஆகிய எல்லாரும் செய்த ரகம் இது. பெல்டியர் ஸ்லாக் என்றால் வெள்ளை பெரும்பாலும் இறகு இறகாகப் பிரியும். இவற்றில் அது இல்லை, எனவே பெல்டியரை ஓரளவு தள்ளலாம். 9 ஒன்றில் அரைகுறையாகத் தெரிகிறது, மற்ற இரண்டில் அடிபட்டு அழிந்திருக்கிறது. நண்பர் கிறிஸ்டென்சன் என்றே எழுதச் சொன்னார், விலை கூடுமே என்று. ‘ஸ்லாக், அமெரிக்கா, கையால் மொண்டதாக இருக்கலாம்’ என்று எழுதி, மூன்றையும் தனித்தனிப் பையில் போட்டு, பிரிக்குக்குப் பக்கத்தில் வைத்தோம். அசல் என்று உறுதியான ஒரு கிறிஸ்டென்சன் ஸ்லாக் கைக்கு வரும்போது பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.